பியூட்டேனை ஐந்தே நாளில் ஒழித்த அத்தான்

என் அத்தானைப் பற்றி எழுதச் சொன்னால் தெருவில் யார் வேண்டுமானாலும் நல்லவிதமாக எழுதிவிடுவார்கள். தங்கமான மனுஷன், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார், ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். போகட்டும். அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்த்தவர்கள் அவர்கள் இல்லை, நான். அவர் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. அதனால் காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அத்தானுக்கு வேலை சமையல் எரிவாயு டிப்போவில். டேங்கர் லாரியில் வந்து இறங்கும் வாயுவைப் பெரிய தொட்டிகளில் சேமித்து, சிலிண்டர்களில் நிரப்பி அனுப்பும் இடம். மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டிப்போ, இந்தப் பக்கம் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. கீழே பஸ் திரும்பும் முனை. பகல் முழுக்க பஸ்ஸும் லாரியும் அங்கே உறுமிக்கொண்டு புகை கக்கும். அக்கா, அத்தான், நான், என் தையல் மெஷின் என்று நாலு பேர் அந்த வீட்டில் இருந்தோம். அதில் மரியாதை கம்மியானது நானும் மெஷினும்.

அத்தான் முதலில் எடை மேடையில்தான் நின்றுகொண்டிருந்தார். சிலிண்டர் நிரம்பியதும் அதன் வாயிலிருந்து குழாயைக் கழற்றுவார்கள். கழற்றும்போது ‘புஸ்’ என்று கொஞ்சம் வாயு தப்பித்துப் போகும். சிலிண்டருக்கு ஒரு புஸ். டேங்கர் லாரியின் குழாயைக் கழற்றும்போது வருவது புஸ் இல்லை, பெருமூச்சு. இத்தனை புஸ்ஸும் பெருமூச்சும் சேர்ந்து ரோட்டைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் நாற்றமாக வரும். தெருக்காரர்கள் டிப்போவுக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள்.

கம்பெனி உட்கார்ந்து யோசித்தது. குழாயை மாற்றலாம், மூடியை மாற்றலாம் என்று யாரோ விவரம் தெரியாதவர் சொல்லியிருக்கிறார். அதற்கு ஆகும் செலவைப் பார்த்த மேனேஜர், போனை எடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆளைப் போட்டால் போதும் என்று முடிவு செய்தார். எடை மேடையில் நின்ற அத்தானைக் கூப்பிட்டு, வாசல் கேட் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். காரணம் அவர் குரல். அழுகிற குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு குரல். திட்ட ஆரம்பித்தவர்கள் பாதியில் கொட்டாவி விட்டுவிடுவார்கள்.

குரல் இருந்தால் மட்டும் போதுமா, சொல்ல ஏதாவது விஷயம் வேண்டாமா? அதற்காகக் கம்பெனி ஒரு பேராசிரியரை வரவழைத்து வகுப்பு நடத்தியது. காற்றில் கலந்த வாயு என்ன ஆகிறது என்பது பாடம். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரியில் இரண்டு தடவை கோட்டை விட்ட அத்தான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். டீக்கு முன்னால் ஒரு பாதி, டீக்குப் பின்னால் மறுபாதி என்று பேராசிரியர் பிரித்து வைத்திருந்தார். டீ வந்தது, பிஸ்கட் வந்தது, பின்னாலேயே மேனேஜரும் வந்தார். மைக் கையில் கிடைத்தால் அந்த மனிதர் லேசில் விடமாட்டார். கம்பெனி வளர்ந்த கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள் பேராசிரியருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பூங்கொத்தைக் கையில் திணித்துக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பாடத்தின் மறுபாதியும் அவரோடு காரில் ஏறிப் போய்விட்டது. யாரும் அதைத் தேடவில்லை.

அன்று சாயங்காலம் அத்தான் படியேறி வந்த வேகத்தைப் பார்த்துச் சம்பளம்தான் உயர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

“காத்துல ஒருத்தன் இருக்காம்மா,” என்றார் அக்காவிடம், செருப்பைக்கூடக் கழற்றாமல். “பேரு ஹைட்ராக்சில்.”

“யாருங்க அது?”

“வெயில் பட்டா காத்துல இருக்கற ஓசோன் உடையும். உடைஞ்ச துண்டு ஈரத்தோட சேர்ந்தா இவன் பொறப்பான். ஒரு நொடிகூட முழுசா உயிரோட இருக்க மாட்டான். அதுக்குள்ள பக்கத்துல போற நம்ம டிப்போ கேஸை, அதான் பியூட்டேனைப் பிடிச்சு, அதுகிட்ட இருக்கற ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிடுவான். பிடுங்கினதும் இவன் தண்ணியாயிடுவான். அங்க பியூட்டேன் காலி!”

“அப்போ வழிப்பறின்னு சொல்லுங்க,” என்றேன் நான்.

“உனக்கு எல்லாமே கேலிதான். துப்புரவுன்னு சொல்லு. இவ்ளோ பெரிய வானத்தையே ஒருத்தன் கூலி வாங்காம கழுவிக்கிட்டு இருக்கான்.”

“ராத்திரியிலயும் கழுவுவானா அத்தான்?”

“வெயில் இல்லாட்டா அவனுக்கு வேலை ஓடாது. பகல் ஷிப்ட் மட்டும்தான்.”

மீத்தேன் அழுத்தமான ஆள், அவனிடமிருந்து பிடுங்கி முடிக்கப் பத்து வருஷம் ஆகும். ஈத்தேனுக்கு இரண்டு மாசம். புரோப்பேனுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். பியூட்டேன் பாவம், ஐந்தே நாள். இதை அன்று ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம் ஆக்கிவிட்டார். டிப்போ சிலிண்டரில் புரோப்பேனும் பியூட்டேனும் கலந்துதான் இருக்கும். ஆனால் போனில் சொல்வதற்கு ஐந்து நாள் என்பது வாய்க்கு அம்சமாக இருந்ததால் அத்தான் அதையே பிடித்துக்கொண்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? யார் போன் போட்டாலும், “பயப்படாதீங்கம்மா. உங்க மூக்குல ஏறுறது நாங்களா கலக்கற வாசனை. கசிஞ்சா தெரியணும்னு கலக்கறோம். கேஸ் காத்துல கலந்துடும். வெயில் பட்டு அஞ்சே நாள்ல இருந்த இடம் தெரியாம போயிடும்,” என்பார். கேட்டவர்கள் நிம்மதியாகப் போனை வைத்தார்கள். தெருவில் அவருக்கு ‘அஞ்சு நாள் சார்’ என்று பெயரே விழுந்துவிட்டது. “சட்டை எப்ப சார் வேணும், அஞ்சு நாள்ல குடுத்தா போதுமா?” என்று இஸ்திரி போடுகிறவர் கிண்டல் பண்ணுவார். அத்தானுக்குக் கோபமே வராது. பட்டம் வாங்கிய மாதிரிச் சிரித்துக்கொண்டு போவார்.

கம்பெனி குளிர்ந்துபோய் அவருக்குக் கையில் ஒரு செல்போனும் கொடுத்தது. காலையில் பல் தேய்க்கும்போது அது அடிக்கும். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைக்கும்போது அடிக்கும். தூங்கப் போகும்போது யாராவது ஒரு மகராசி நாற்றம் தாங்கவில்லை என்பாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒன்றுதான் அந்தப் போன் அணைந்து கிடக்கும், அது கம்பெனியின் விதி. அந்த நேரத்தில் அத்தான் ரோட்டைத் தாண்டி வீட்டுக்கு வருவார்.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சல் ஆரம்பம். அக்காவுக்கு மூச்சு இழுப்பு. சின்ன வயசிலிருந்தே உண்டு, ஆனால் எப்போதாவது வரும், போகும். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அது வந்த இடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. மூன்று மாடி ஏறி இறங்க முடியாமல் வீட்டோடு கிடந்தாள். நல்ல காற்றில் உட்கார வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். சொன்னவர் எது நல்ல காற்று என்று சொல்லாமல் போனார். அதுதான் எங்கள் வீட்டில் ஒரு நிபுணர் இருக்கிறாரே!

மத்தியானம் அத்தான் வந்ததும் முதல் வேலையாக ரோட்டுப் பக்கத்து ஜன்னலை விரியத் திறப்பார். அக்காவின் நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போடுவார். முதுகுக்குத் தலையணை வைப்பார். தானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார்.

“உச்சி வெயில்லதான் ஹைட்ராக்சில் வேலை மும்முரமா நடக்கும். இதைவிட சுத்தமான காத்து நாள் பூரா கிடைக்காது. நல்லா இழுத்து விடும்மா,” என்பார்.

அக்கா நன்றாக இழுத்து விடுவாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு யார் யார் போனில் என்னென்ன திட்டினார்கள் என்று குரல் மாற்றி நடித்துக் காட்டுவார். அக்கா சிரிப்பாள். சிரிப்பு இருமலில் போய் முடியும். முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்புவார். நான் மெஷினில் இருந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்றுதான் எனக்கும் தோன்றும். எரிச்சலோடு தோன்றும்.

ஆனால் இழுப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. வெயில் காலம் வந்தால் போதும், மத்தியானத்துக்குமேல் அவள் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும் சத்தம் என் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். மூச்சுக்கு அடிக்கும் பம்ப்பை அடிக்கடி மாற்ற வேண்டி வந்தது. இதற்கு யார் காரணம்? நானாம்! நான் வெட்டும் துணியிலிருந்து பறக்கும் தூசியாம். என்னையும் மெஷினையும் குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில், காலை நீட்டக்கூட இடமில்லாத ஒரு மூலைக்கு நகர்த்தினார்.

“மழை நாள்ல அவளுக்கு நல்லா இருக்குதே அத்தான், அன்னிக்கும் நான் துணி வெட்டத்தானே செய்யறேன்?” என்று கேட்டேன்.

“மழை ஈரத்துல உன் துணித் தூசி அடங்கிடுது,” என்றார்.

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவரிடம் யார் வாய் கொடுப்பது? வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்தேன். அக்கா எனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசியிருக்கலாம் என்று அவள்மேலும் எனக்குக் கோபம் இருந்தது.

இந்த நிலையில் டிப்போவில் இன்னும் இரண்டு பெரிய தொட்டிகள் வைக்கக் கம்பெனி கிளம்பியது. அதற்கு முன்னால் சுற்றி இருக்கிற ஜனங்களைக் கூட்டி வைத்து அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த தெருவில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, நாற்காலி போட்டு, மத்தியானமே கூட்டத்தை வைத்தார்கள். அந்த நேரத்தில் வைத்தால் பாதிப் பேர் தூங்கப் போய்விடுவார்கள் என்பது மேனேஜரின் கணக்கு. ஜனங்களைச் சமாதானப்படுத்த அத்தான், அவர் சொல்வதற்கு முத்திரை குத்த அதே பேராசிரியர். மேடையில் பேராசிரியரைப் பார்த்ததும் அத்தானுக்கு முகமெல்லாம் பல்.

அன்றைக்கும் கிளம்புவதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்து, அக்காவை உட்கார வைத்துவிட்டுத்தான் வந்தார். “இன்னிக்கு நல்ல வெயில். நான் வர்ற வரைக்கும் எந்திரிக்காம உக்காந்திரு, காத்து வீணாயிடப் போகுது,” என்று சொல்லிவிட்டு வந்தார். வேடிக்கை பார்க்க நானும் கூடப் போனேன்.

அத்தான் மைக்கைப் பிடித்து ஹைட்ராக்சில் கதையை ஆரம்பித்தார். அந்தக் குரலில் கூடமே சொக்கிப்போனது. பின்வரிசையில் இரண்டு பேர் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். ஐந்தே நாள் என்று அவர் முடித்ததும் மேனேஜர் முதலில் கை தட்டினார். அப்போது மருந்துக் கடைக்காரம்மா எழுந்தார். எங்களுக்குப் பம்ப் விற்கிறவர் அவர்தான்.

“சார், ஒரு சந்தேகம். அழிஞ்சு போகுது, அழிஞ்சு போகுதுங்கறீங்க. துணியில இருக்கற கறையைத் துவைச்சா அது தண்ணியில போகுது. இது எதுல போகுது? கடைசியில என்னவா ஆகுது?”

இத்தனை வருஷத்தில் போனில் ஒருவர்கூட அத்தானை இந்தக் கேள்வி கேட்டதில்லை. அவரும் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. ரொம்ப வெகுளியாக, மைக்கையே பேராசிரியர் பக்கம் நீட்டி, “ஆமா சார், என்னவா ஆகுது?” என்று கேட்டார்.

பேராசிரியருக்கு ஒரே குஷி. “நல்ல கேள்விம்மா. மறையறதுன்னு எதுவுமே கிடையாது. ஹைட்ரஜனைப் பறிகொடுத்த மிச்சம், காத்துல இருக்கற ஆக்சிஜனோட ஒட்டிக்கும். படிப்படியா ஆல்டிஹைடு ஆகும், கார்பன் மோனாக்சைடு ஆகும், கடைசியில கார்பன் டை ஆக்சைடு ஆகும். போற வழியில இன்னொரு வேலையும் பண்ணும். பக்கத்துல வண்டிப் புகை இருந்து, வெயிலும் நல்லா அடிச்சா, ஓசோனை உண்டாக்கிவிடும்.”

“ஓசோன் நல்லதுன்னுதானே சார் சொல்வாங்க?” என்றது யாரோ ஒரு குரல்.

“ரொம்ப உயரத்துல இருந்தா நமக்குக் குடை மாதிரி. மூக்குக்கு நேரா இருந்தா நுரையீரலை அரிச்சுடும். இந்த டிப்போ மட்டும் காரணம்னு சொல்லமாட்டேன். பெட்ரோல் ஆவி, பெயிண்ட் ஆவி எல்லாத்துக்கும் பங்கு உண்டு. ஆனா உங்க பஸ் முனை மாதிரி இடத்துல இதுவும் சேரும். அப்புறம் அந்த அஞ்சு நாள் கணக்கு. அஞ்சு நாள்ல மூணுல ரெண்டு பங்குதான் போகும். மிச்சம் அப்படியே இருக்கும். தினமும் புதுசா விட்டுக்கிட்டே இருந்தா எப்படித் தீரும்?” பேராசிரியர் மேனேஜரைப் பார்த்துப் புன்னகை செய்தார். “இதெல்லாம் அன்னிக்கே, டீ குடிச்ச பிறகு சொல்றதாதான் இருந்தேன்.”

கூடத்தில் தூங்கியவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்த்து நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் துணித் தூசி தப்பித்தது என்று ஒரு துள்ளல்கூட உள்ளே வந்தது. ஆனால் அத்தான் சிரிக்கவில்லை. மேனேஜர் கையை நீட்டியும் அவர் மைக்கைக் கொடுக்கவில்லை.

“சார், அந்த ஓசோன் எந்த நேரத்துல அதிகமா இருக்கும்?”

“உச்சி வெயிலுக்கு அப்புறம். மத்தியானம் பூரா.”

“மூச்சுக் கோளாறு இருக்கறவங்க...”

“அந்த நேரத்துல ரோட்டுப் பக்கம் ஜன்னலைச் சாத்திட்டு உள்ள இருக்கணும். அதிகாலையில திறந்துக்கலாம்.”

அத்தான் மைக்கைக் கீழேகூட வைக்கவில்லை. கையிலிருந்து நழுவவிட்டார். அது விழுந்து கூடம் முழுக்கக் கீச்சென்று கத்தியது. மேனேஜர் அதை எடுத்து, “டீ ரெடி! எல்லாரும் டீ சாப்பிடுங்க!” என்று கத்தினார். (அந்த இரண்டு தொட்டிகளுக்கும் அடுத்த மாதமே அனுமதி கிடைத்துவிட்டது. அத்தானைத் திரும்ப எடை மேடைக்கு அனுப்பிவிட்டு, வேறு ஒரு இனிமையான குரலைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். கம்பெனி என்றால் அப்படித்தான்.)

அத்தான் மேடையிலிருந்து குதித்து ஓடினார். ஐம்பதைத் தாண்டியவர், தொந்தி வேறு, வாழ்க்கையில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவர். நான் பின்னாலேயே ஓடினேன். “நான்தான் உக்கார வெச்சேன், நான்தான் உக்கார வெச்சேன்,” என்று சொல்லிக்கொண்டே ஓடினார். பஸ் முனையில் ஒரு டிரைவர் பிரேக் போட்டு எங்கள் இரண்டு பேரையும் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினார். மூன்று மாடியையும் எப்படி ஏறினோம் என்று தெரியாது. அந்த வெயிலில், அந்த ஜன்னலில், அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள். சொன்ன சொல் தட்டாதவள்.

கதவைத் திறந்தால் நாற்காலி காலி. ஜன்னல் இறுக்கிச் சாத்தி, கொக்கி போட்டு, இடுக்கில் என் வெட்டுத் துணிகளை வைத்து அடைத்திருந்தது. அக்கா உள்ளறையில் சுவரோரமாக உட்கார்ந்து நிதானமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விசில் சத்தம் இல்லை.

“என்னங்க, கூட்டம் அதுக்குள்ள முடிஞ்சுதா? ஏன் இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?”

அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஜன்னல்... யாரு சாத்தினது?”

“நான்தான். நீங்க இல்லையே, அதான் சாத்திட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

“மத்தியானம் அந்த ஜன்னல்ல உக்காரக் கூடாதாம்மா. அந்தக் காத்துதான் உன்னை இப்படிப் பண்ணுதாம். இன்னிக்குத்தான் சொன்னாங்க. எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா எனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்,” என்றாள் அக்கா, வெங்காயத்திலிருந்து கையை எடுக்காமல்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“மூச்சு என்னோடதுதானே? உக்காந்தா இழுக்குது, எந்திரிச்சு உள்ள வந்தா அடங்குது. இதுக்குப் பாடமா படிக்கணும்?”

“அடிப்பாவி!” என்று கத்தியது நான்தான். “தெரிஞ்சே எதுக்குடி உக்காந்த? என்னை வேற குளியலறை மூலையில தள்ளினாரே, அப்பவாவது வாயைத் திறந்தியா?”

அக்கா அத்தானைத்தான் பார்த்தாள். கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது.

“வேற எந்த நேரத்துல நீங்க என் பக்கத்துல வந்து உக்காந்தீங்க, சொல்லுங்க? ஜன்னலைச் சாத்துங்கன்னு சொன்னா அந்த அரை மணி நேரமும் போயிடும்னு பயந்தேன்.”

அத்தான் அப்படியே அவள் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்ன மனிதர் முகத்தை மூடிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். எனக்கு இரண்டு பேர்மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. அக்கா வெங்காயக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவர் முதுகில் தட்டிக் கொடுத்தாள். நடுவில் ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு, மறுபடியும் தட்டிக் கொடுத்தாள்.